லியாவின் இடது குதிகால்

1899 பிப்ரவரி 7, செவ்வாய்

மறுபடியும் மூடுபனி. பேஞ்சோவின் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துபோய், தட்டினால் மாவு மூட்டையைத் தட்டியது போலச் சத்தம். அடுப்பருகே பிடித்துக் காயவைத்துக்கொண்டிருந்தேன். அப்பா கீழே எங்கள் பூட்ஸ் கடையிலிருந்து வெந்நீர் எடுக்க மேலே வந்தார். பேஞ்சோவைப் பார்த்து, "குழந்தைக்குக் குளிருதா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். கடற்கரையில் காசுக்காகத் தொப்பியை மல்லாத்தி வைத்து வாசிக்கிறவர்களின் வாத்தியம் என்று அவருக்கு இதன்மேல் இளக்காரம். பெற்ற பெண்கள் இரண்டு பேரும் அதைத்தான் வாசிக்கிறோம், பாவம்.

இஸ்லிங்டனில் நான் பேஞ்சோ சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இன்று ஒரு மாணவி நகத்தை வளர்த்துக்கொண்டு வந்திருந்தாள். விரல் சதையால் வாசிக்கவேண்டியதை நகத்தால் பிராண்டினால் பூனை கதவைச் சுரண்டுகிற மாதிரிதான் இருக்கும். சொன்னேன். அழுதாள். அவளுடைய அம்மா எனக்குக் கேக் கொடுத்தாள். ஏன் என்று புரியவில்லை.

பெரிய விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். தங்கை லியாவுக்கு நிச்சயமான ஆம்ப்ரோஸுக்குக் கனடாவில் வேலை உறுதியாகிவிட்டது. வின்னிபெக் ரயில் பட்டறையில் தச்சு. மார்ச் கடைசியில் கல்யாணம், ஏப்ரலில் கப்பல். லியா சாப்பாட்டு மேசையில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அப்பா அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உப்பு எங்கே?" என்றார்.

உப்பு அவர் கைக்கு அருகிலேயே இருந்தது.

பிப்ரவரி 8

அப்பா லியாவிடம் பேசவில்லை. கடையில் அவர் பூட்ஸுக்கு அடித்தோல் வைத்து ஆணி அடிக்கிறார். இரண்டு கை தூரத்தில் இவள் மேல்தோல் தைக்கிறாள். நாள் முழுக்க சுத்தியல் ஒரு பக்கம், காலால் மிதிக்கிற தையல் மெஷின் ஒரு பக்கம். நடுவில் ஒரு வார்த்தை கிடையாது.

பிப்ரவரி 11, சனி

சேப்பல் தேவாலயக் கூடத்தில் எங்கள் கச்சேரி. 'நொண்டி வாத்து' வாசித்தோம். சின்ன வயதில் கென்ட் பக்கம் பீருக்குப் போடுகிற ஹாப்ஸ் பூ பறிக்கப் போவோமே, அங்கே கொட்டகையில் எல்லோரும் ஆடுகிற பழைய மெட்டு. ஒவ்வொரு அடியும் முடிகிற இடத்தில் தாளத்தில் ஒரு தட்டு காலியாக இருக்கும். வாத்தியம் நின்றுவிடும்; அந்த இடத்தில் கொட்டகையே ஒரு காலால் தரையை ஓங்கி மிதிக்கும். அதை இரண்டு பேஞ்சோவுக்கு நாங்களே அமைத்து வைத்திருக்கிறோம். மெட்டு என்னிடம். அடியில் தாளமும் சுதியும் கொடுப்பது லியா. நடுவில் மட்டும் நான் ஒதுங்கிக்கொள்ள, தடித்த நரம்பில் மெட்டை அவள் எடுப்பாள். கொஞ்ச நேரம்தான், ஆனால் அதைக் கேட்கவே நான் வாசிக்கிறேன் என்று சொல்லலாம்.

கைதட்டல் எப்போதும் போல எனக்குத்தான். மெட்டு வாசிக்கிறவளைத்தான் ஜனங்களுக்குத் தெரியும். லியாவுக்கு அதில் வருத்தமே கிடையாது. "நீ தோல், நான் அடி அட்டை. யாராவது செருப்பைத் திருப்பிப் பார்த்து வாங்குறாங்களா அக்கா?" என்பாள்.

கச்சேரி முடிந்ததும் லாம்ப்ரி என்று ஒருவர் வந்தார். சிட்டி ரோடில் பாட்டுப்பெட்டியில் போட்டுக் கேட்க, பாட்டைப் பதித்து மெழுகு உருளை தயாரிக்கிற கம்பெனி அவருடையது. பேசினால் கண்ணாடி அதிர்கிற குரல். "என்னம்மா, அந்தப் பெட்டிக்கு வயலின் பிடிக்காது, பியானோ பிடிக்காது, பேஞ்சோன்னா உயிரு. வந்து வாசிச்சுக் குடுங்க ரெண்டு பேரும்" என்றார்.

எனக்கு உடனே ஒன்றுதான் தோன்றியது. லியா போய்விடுவாள். ஆனால் உருளையில் அவள் கை இந்த வீட்டில் இருக்கும்.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கேலி செய்வாள்.

பிப்ரவரி 20, திங்கள்

உருளை ஒன்றில் இரண்டு நிமிடத்துக்கு மேல் இடம் கிடையாதாம். அதிலும் ஆரம்பத்தில் லாம்ப்ரி எங்கள் பெயரையும் கம்பெனி பெயரையும் கத்திச் சொல்லவேண்டும். ஆகவே மெட்டைக் குறைக்கச் சொன்னார். எதைக் குறைக்கவேண்டும் தெரியுமா? நடுவில் லியா வாசிக்கிற இடத்தை. "அது என்னம்மா, கொஞ்ச நேரம் எருமை கத்துற மாதிரி?"

லியா தலையாட்டிவிட்டாள். நான் ஆட்டவில்லை. "வேகமா வாசிச்சு எல்லாத்தையும் அடக்கிடுவோம்" என்றேன்.

இப்போது வீட்டில் பயிற்சி. சும்மா சொல்லக்கூடாது, வாத்து நொண்டுவதை விட்டுவிட்டு ஓடுகிறது.

பிப்ரவரி 23

காலையில் மாடிப்படியில் ஒரு ஜோடி புது பூட்ஸ். லியாவின் அளவு. பனிக்காக உயரமாக, இரட்டை அடி, குதிகாலில் இரும்பு லாடம். யார் வைத்தது என்று கேட்கவேண்டுமா? கீழே போய்ப் பார்த்தால் அப்பா வாய் நிறைய ஆணியை வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். ஆணி இருந்தால் பேசவேண்டியதில்லை.

லியா போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்து பார்த்தாள். குதிரை மாடியேறி வந்தது போல இருந்தது. கழற்றவே மாட்டேன் என்கிறாள்.

பிப்ரவரி 27, திங்கள்

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. ஒழுங்காக எழுதவேண்டும்.

லாம்ப்ரியின் அறை ஒரு கிட்டங்கியின் மேல்மாடி. மூன்று பெட்டிகள், ஒவ்வொன்றிலிருந்தும் நீளமாக ஒரு தகரப் புனல். மேடை மேல் நாற்காலி போட்டு எங்களைப் பக்கம் பக்கமாகப் புனல்களுக்கு எதிரே உட்காரவைத்தார்கள். ஒரு தரம் வாசித்தால் மூன்று உருளை. நூறு வேண்டும் என்றால் அத்தனை தரமும் முதலிலிருந்து வாசித்தே ஆகவேண்டும், நகல் எடுக்க வழியில்லை. பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர் குயில்டர் என்பவர். ஒல்லி, காதுகள் பெரியவை, கோட்டு முழுக்க மெழுகுத் தூள். பேசுவதற்கு முன் ஒரு தரம் இருமிக்கொள்கிறார்.

லாம்ப்ரி புனலுக்குள் தலையை விட்டுக் கத்தினார். வாசித்தோம். பிரமாதமாக வந்தது என்று நினைத்து, முடிந்ததுமே சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். குயில்டர் உருளையைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். பேஞ்சோ கேட்கிறது, என்னுடையதும் அவளுடையதும் தனித்தனியாக. ஆனால் காலித் தட்டு வந்ததும் — டொம். அடுத்த அடியில் மறுபடியும் டொம். யாரோ கதவை உடைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

மூன்று பேரும் மெதுவாக லியாவின் பூட்ஸைப் பார்த்தோம்.

"நான் மிதிக்கவே இல்லையே" என்றாள். பொய் இல்லை. அவளுக்கே தெரியாது. பன்னிரண்டு வயதிலிருந்து மிதி மெஷினில் உட்கார்ந்தவள், கை வேலை செய்தால் கால் சும்மா இருக்காது. போதாக்குறைக்கு அந்த மெட்டு, அந்த இடம், அந்த லாடம்.

"சீவிடுப்பா" என்றார் லாம்ப்ரி. கெட்டுப்போன மெழுகைச் சீவி வழவழப்பாக்கித் திரும்பப் பயன்படுத்துவார்களாம். குயில்டர் மூன்றையும் எடுத்து ஓரமாக வைத்தார்.

பிறகு நடந்தது இது. பூட்ஸைக் கழற்றினாள். மெத்தை போட்டோம், காலுறையோடு மெத்தையை உதைத்து மேடையிலிருந்து தள்ளினாள். காலைக் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள், தாளம் போய்விட்டது. லாம்ப்ரி, "யாராவது அந்தக் காலைப் புடிங்க" என்றார். குயில்டர் காது இரண்டும் சிவந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பிடிக்கலாம், ஆனால் நான்தானே மெட்டு வாசிக்கவேண்டும். கடைசியில் கீழே இருந்து ஒரு தொட்டி நிறைய மரத்தூள் வந்தது. முழங்கால் வரை அதில் இறக்கி உட்காரவைத்தோம். தொட்டி மேடைமேல் இடம் பிடித்துக்கொண்டதால் அவளைப் பின்னால் தள்ளிப் போடவேண்டியதாயிற்று.

"நட்ட செடி மாதிரி இருக்கேன். தண்ணி ஊத்துங்க" என்றாள்.

அப்படியே மாலை வரை வாசித்தோம். ஒரு டொம் கூட இல்லை. லாம்ப்ரிக்குப் பரம திருப்தி.

பிப்ரவரி 28

விரல் நுனி எல்லாம் கொப்புளம். லியா நடக்கிற இடமெல்லாம் மரத்தூள்.

மார்ச் 25, சனி

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அப்பா வந்தார், கோட்டுப் போட்டுக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. ஆம்ப்ரோஸின் அம்மா அழுத அழுகையில் பாதிரியார் இரண்டு தரம் நிறுத்தவேண்டியிருந்தது. பன்றித் தொடையும் ஊறுகாயும் மிச்சமே இல்லை. லியா கல்யாண உடைக்கு அடியில் அந்த பூட்ஸைத்தான் போட்டிருந்தாள். நடக்கும்போது எல்லோருக்கும் கேட்டது.

ஏப்ரல் 12, புதன்

போய்விட்டாள்.

அப்பா ஸ்டேஷனுக்கு வரவில்லை. கடையை யார் பார்ப்பது என்றார். புதன்கிழமை காலையில் எங்கள் கடைக்கு எந்த ராஜா வருகிறார் என்று தெரியவில்லை. ஆனால் அவள் வாசலில் நின்றபோது சட்டென்று மண்டி போட்டு, அவளுடைய பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டினார். "இடது குதிகால் சீக்கிரம் தேயும். அங்க ஒரு நல்ல ஆளாப் பாத்து லாடம் மாத்திக்கோ" என்றார். இரண்டு மாதத்தில் அவளிடம் பேசிய முதல் பேச்சு. லியா குனிந்து அவர் வழுக்கைத் தலையில் முத்தம் வைத்தாள். அப்பா எழுந்திருக்கவே இல்லை, தரையில் ஆணி தேடுகிற மாதிரி இருந்தார்.

யூஸ்டனில் ரயில் நகரும்போது ஜன்னலில் அவள் கை மட்டும் தெரிந்தது. விரல்களை வாசிக்கிற மாதிரி ஆட்டிக் காட்டினாள்.

அவ்வளவுதான் இன்று.

ஏப்ரல் 15

கடையில் மிதி மெஷினைத் துணி போட்டு மூடியிருக்கிறது. அப்பா சுத்தியல் அடிக்கிறார், நிறுத்துகிறார், அடிக்கிறார். மேல்தோல் தைக்க வெளியே கொடுத்துவிடுகிறாராம். நான் தைக்கட்டுமா என்று கேட்டேன். "நீ தைச்சா அது பூட்ஸா இருக்காது, பையா இருக்கும்" என்றார். அவராவது என்னோடு பேசுகிறாரே.

ஏப்ரல் 22, சனி

எழுதவே கை வரவில்லை. எவ்வளவு முட்டாள் நான்.

லாம்ப்ரி கடையில் எங்கள் உருளை விற்பனைக்கு வந்துவிட்டது. போனேன். காதில் ரப்பர் குழாயைச் செருகிக்கொண்டு கேட்டேன். முதலில் லாம்ப்ரியின் கத்தல். பிறகு நான். நான், நான், நானே. ஒரு பிசிறில்லை. மாணவிகளுக்குப் போட்டுக் காட்டலாம். லியா எங்கே? அடியில் ஏதோ முணுமுணுப்பு, பக்கத்து வீட்டில் யாரோ பேசுகிற மாதிரி. நடுவில் அவள் வாசிக்கிற இடம் வந்தது. வெறும் இரைச்சல். புனல் முன்னால் இருப்பதைத்தான் கேட்குமாம். அவளைத்தான் தொட்டியோடு பின்னால் தள்ளி வைத்தோமே. தள்ளி வைக்க நானும் ஒரு கை பிடித்தேனே.

காலித் தட்டு வரும்போது சுத்தமாக ஒன்றும் இல்லை. அந்த ஓட்டையில் விழுந்துவிடுவேன் போல இருந்தது.

என்னை நானே கேட்டுக்கொண்டிருக்க எனக்கு எதுக்குடி உருளை? அதான் வீட்ல தினமும் கேக்குறேனே. அவளைப் புடிச்சு வைக்கப் போயி அவளையே தொடச்சு எடுத்துட்டு வந்திருக்கேன். சமத்து. ரொம்ப சமத்து.

ஏப்ரல் 24, திங்கள்

கம்பெனிக்குப் போனேன். லாம்ப்ரி இல்லை, நல்லதாயிற்று. குயில்டரிடம், முதலில் வாசித்தோமே, டொம் டொம் என்று, அது வேண்டும் என்றேன். இருமினார். "கெட்டுப்போனதெல்லாம் அன்னிக்கே சீவிடுவோம் மிஸ் ஸ்பார்லிங்."

தெரியும். தெரிந்துதான் போனேன். இருந்தாலும் உட்கார இடம் தேடவேண்டியதாயிற்று. அவருடைய மேசை பக்கத்தில் உட்காரவைத்து, தேநீர் போட்டுக் கொடுத்தார். கோப்பையில் மெழுகுத் தூள் மிதந்தது. ஏன் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானாகத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா, மெஷின், பூட்ஸ், எல்லாம். முக்காலே மூணுவீசம் அந்நியரிடம். அவர் மேசைமேல் நிறுத்திவைத்திருந்த பென்சில்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சீவ முடியல" என்றார் திடீரென்று. "ஓரம் உடைஞ்சு போச்சு. சீவுற மெஷின்ல ஏத்த முடியாது. அதனால..." என்று பென்சில்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்.

பென்சில்கள் நின்றுகொண்டிருந்தது எங்கள் உருளைக்குள்.

ஏப்ரல் 25

ராத்திரி படுத்தபோது தோன்றிய ஒன்று. வீட்டுக்கு எடுத்து வந்த உருளையின் உடைந்த ஓரத்தைக் காலையில் வெளிச்சத்தில் பார்த்தேன். தவறி விழுந்து உடைந்தால் இவ்வளவு நேராகவா உடையும்? கத்தியால் கீறி எடுத்த மாதிரி இருக்கிறது.

சீவச் சொன்ன உருளையை அவர் ஏன் உடைக்கவேண்டும்?

போகட்டும். எனக்கென்ன.

ஏப்ரல் 30, ஞாயிறு

குயில்டர் கம்பெனியின் பழைய பாட்டுப்பெட்டி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. சாப்பாடு முடிந்து நாற்காலியில் காலை நீட்டிக் கண்ணை மூடியிருந்தார். "அந்தத் தகரத்த என் காதுகிட்ட வைக்காதே" என்றார் கண்ணைத் திறக்காமல்.

குயில்டர் சாவி கொடுத்தார். லாம்ப்ரி கத்தினார். மெட்டு ஆரம்பித்தது. அப்பா முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

டொம்.

அப்பா கண்ணைத் திறந்தார். கதவைப் பார்த்தார். மாடிப்படியைப் பார்த்தார். மறுபடியும் டொம். நடுவில் தடித்த நரம்பில் லியா மெட்டை எடுத்தாள், எத்தனை அழகு, கடவுளே. அப்பா அதைக் கேட்டாரா என்றே தெரியவில்லை. நாற்காலி நுனிக்கு வந்து, புனலுக்குள் விழுந்துவிடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டு, அடுத்த மிதிக்காகக் காத்திருந்தார்.

முடிந்ததும், "இடது கால்" என்றார். "இடதுதான். மெஷினையும் அதால்தான் மிதிப்பா. நான் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன்." பிறகு முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு வெகுநேரம் துண்டை எடுக்கவில்லை. நானும் அழுதேன். குயில்டர் பாவம், பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

துண்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "இன்னொரு தரம் போடுங்க தம்பி."

மே 7

குயில்டர் வந்தார். பெட்டிக்கு எண்ணெய் போடவேண்டுமாம்.

மே 14

குயில்டர். சாவி இறுகிவிட்டதாம்.

மே 21

பெட்டியில் இன்று கோளாறு ஒன்றும் கிடைக்கவில்லை போல. நேராகவே ஆப்பிள் கேக்கோடு வந்துவிட்டார். ஓரம் எப்படி உடைந்தது என்று கேட்டேன். இருமினார், இருமினார், தண்ணீர் கொடுக்கவேண்டியதாயிற்று. "அன்னிக்கு நீங்க சிரிச்ச சிரிப்பு முடிவுல கொஞ்சம் பதிஞ்சிருக்கு. சீவ மனசு வரல" என்றார்.

போட்டுக் கேட்டோம். ஆமாம், மெட்டு முடிந்ததும் கடைசியில் ஏதோ கோழி கொக்கரிக்கிற மாதிரி. அது நான்.

ஜூன் 3

லியாவிடமிருந்து கடிதம். வின்னிபெக்கில் கொசு குருவி அளவு இருக்கிறதாம். அங்கே ஒரு பேஞ்சோ கூட்டம் பிடித்துவிட்டாள். எல்லோரும் மிதிக்கிறார்களாம், யாரும் தொட்டியில் நடுவதில்லையாம். அப்பாவிடம் சொல்லச் சொல்லியிருக்கிறாள்: லாடம் இன்னும் அப்படியே இருக்கிறது. சொன்னேன். "இருக்காதா பின்ன" என்றார்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

போன வாரம் அப்பா அளவு நாடாவை எடுத்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் குயில்டரின் காலை இழுத்து வைத்து அளவெடுத்தார். குயில்டர் என்னைப் பார்த்தார். அந்த மனிதருக்கு எங்கள் வீட்டுப் பாஷை தெரியாது. "நம்ம கல்யாணத்துக்குச் சம்மதம்னு அர்த்தம்" என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

இன்று சேப்பலுக்குப் புதிதாக வந்த பாதிரியாரும் அவர் மனைவியும் தேநீருக்கு வந்திருந்தார்கள். அப்பா தானே சாவி கொடுத்தார். இப்போதெல்லாம் வேறு யாரையும் பெட்டியைத் தொட விடுவதில்லை. தேயுமே, கொஞ்சமாகப் போடுங்கள் என்று குயில்டர் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டார்.

"என் பொண்ணு லியா. கனடாவுல இருக்கா. கேளுங்க" என்று அப்பா அறிமுகம் செய்தார். மெட்டு ஆரம்பித்தது. மெழுகு தேய்ந்து பேஞ்சோ கொஞ்சம் மங்கியிருந்தாலும் நான் நன்றாகவேதான் வாசித்திருந்தேன். பாதிரியாரின் மனைவி தலையை ஆட்டி, "அடடா, லியா என்னமா வாசிக்கிறா" என்றாள். அப்பா விரலை உயர்த்தினார். "அது இல்லைங்க. பொறுங்க, பொறுங்க. இதோ."

டொம்.

அப்பாவின் இடது செருப்பும் தரையில் மிதித்தது. அவருக்குத் தெரிந்திருக்காது.

"அப்போ அந்த நரம்பு வாசிக்கிறது யாரு?" என்று அவள் கேட்டாள்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அது பெரியவ. நடுவுல நடுவுல வருவா, கண்டுக்காதீங்க" என்றார். "இப்போ மறுபடியும் மிதிப்பா பாருங்க."

குயில்டர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேநீர் கொட்டிவிட்டது. நானும் சிரித்துக்கொண்டேதான் துடைத்தேன்.